அப்பாவின் இங்கிலீஷும் சம்பந்தியின் இங்கிலீஷும்

என் அப்பா இங்கிலீஷில் எழுதுவார், பேசமாட்டார். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய டிராஃப்டில் கைவைக்க மேலதிகாரிகளே தயங்குவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று ஆரம்பித்தாரானால் ஏழெட்டு வரிக்கு முற்றுப்புள்ளியே வராது. வரும்போது எல்லா வார்த்தையும் அதனதன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில், 'யுவர் மெசேஜ் ரிசீவ்ட். நோட்டட். ஃபாதர்' என்று அனுப்புவார். அனுப்பியது யார் என்று போனே காட்டுகிறதே, எதற்கு ஃபாதர் என்று கேட்டால், "கையெழுத்து இல்லேன்னா அது மொட்டைக் கடுதாசி" என்பார்.

ஆனால் அந்த அலுவலகத்தில் எழுதுவதுதான் இங்கிலீஷ். பேசுவது, கத்துவது, டீ சொல்வது எல்லாம் தமிழ். அதனால் அவருடைய இங்கிலீஷ் வாய்க்கு வராமல் கையோடு நின்றுவிட்டது.

நான் மதுரையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணமாகி அரசரடிப் பக்கம் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் சமயநல்லூரில். பஸ் ஏறினால் அரை மணிக்குள் போய்விடலாம். முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, எம்.ஏ. இருந்தால் மேல் வகுப்பு தருவோம் என்று பள்ளியில் சொன்னதால், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் நேரடி வகுப்பு நடக்கும். அதில் ஒரு தாள், பேச்சிலும் எழுத்திலும் இங்கிலீஷ் எப்படி வேலை செய்கிறது, ஆளையும் இடத்தையும் பொறுத்து எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது.

அந்தத் தாளை நடத்திய பேராசிரியை என்னைவிடச் சின்னவர். முதல் நாள் வகுப்புக்குள் வந்து, புத்தகத்தைத் திறக்காமலே, "காலையில வீட்ட விட்டுக் கிளம்புனதுல இருந்து இங்க வர்ற வரைக்கும் காதுல விழுந்த இங்கிலீஷ் ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஒருவர் 'லைட்டா ஒரு டீ' என்றார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா 'சர்வர் டவுன்' என்றார். நான் பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க."

"பஸ்ல அட்ஜஸ்ட்னா என்ன அர்த்தம்?"

"தள்ளி உக்காருங்கன்னு அர்த்தம் மேடம்."

"அதே வார்த்தைய, கட்டிக் குடுத்த பொண்ணுகிட்ட அம்மா போன்ல சொன்னா?"

வகுப்பே சிரித்தது. பிறகு பெண்கள் பக்கம் மட்டும் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அன்றைக்கே எனக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது.

செய்முறைக்கு ஒரு புராஜெக்ட் உண்டு. உண்மையாகவே இங்கிலீஷில் நடக்கும் ஒரு பேச்சை, பேசுகிறவர்களின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்யவேண்டும். அதை ஒரு 'ம்', ஒரு 'ஆங்' விடாமல் எழுதவேண்டும். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழுந்தால் அதற்கு ஒரு குறி. யாரும் பேசாமல் இருந்தால் அதற்குப் புள்ளிகள். பிறகு அதே ஆட்கள் எழுதிய இங்கிலீஷையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்.

என் உலகத்தில் யார் உண்மையாக இங்கிலீஷில் பேசுகிறார்கள்? ஸ்டாஃப் ரூமில் சுத்தமான மதுரைத் தமிழ். பிள்ளைகள் நான் வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் இங்கிலீஷ் பேசி, வெளியேறியதும் விட்டுவிடுவார்கள். "ஏன், நாம ரெண்டு பேரும் பேசுவோம், பதிவு பண்ணு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாட் இஸ் டுடே குழம்பு?" என்று கேட்டார். நான் போனை அணைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி கல்யாணப் பேச்சு வந்தது. அவனோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. ஒடிசாக்காரப் பெண். கட்டாக் பக்கம். தம்பி போனில் சொன்னபோது அம்மா கொஞ்சம் அழுதாள், பிறகு போட்டோ அனுப்பச் சொன்னாள். அப்பா ஒரு மாதம் போல அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுமலையிலும் அதைச் சுற்றிலும் விவசாயம் செய்கிறவர்கள். இதுவரை அந்த வட்டத்தை விட்டு வெளியே யாரும் பெண் எடுத்ததில்லை. ஒருநாள் காலையில் அப்பா யாரிடமும் சொல்லாமல் எழுமலைக்குப் போய், பெரியப்பாவோடு பகல் முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம், "அவுகள வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரு டூர் குழுவோடு ராமேஸ்வரம் வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. திரும்பும் வழியில் மதுரையில் கோயில் பார்த்துவிட்டு, அரை நாள் எங்கள் வீட்டுக்கு வருவது என்று முடிவானது. தம்பிக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை.

"நீ இருக்கேல்லக்கா. நீதான் எம்.ஏ. இங்கிலீஷாச்சே, பாத்துக்க" என்றான்.

அவர்களுக்குத் தெரிந்தது ஒடியாவும் ஹிந்தியும். எங்களுக்குத் தமிழ். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான்; நான் கூட இருந்தாலும் சம்பந்தம் பேசவேண்டியவர்கள் அப்பாக்கள். இது மண்டையில் உறைத்ததும் எனக்குக் கல்யாணத்தைவிட என் புராஜெக்ட்தான் முதலில் ஞாபகம் வந்தது. தம்பி மூலமாக அவர்களிடம் சம்மதம் கேட்டேன். "ஹோ, யெஸ், யெஸ்" என்று உடனே பதில் வந்தது. அப்பாதான் சம்மதக் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். கமா ஒன்றைச் சேர்த்து, 'ஷல்' என்று இருந்ததை 'வில்' ஆக்கி, பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெண்ணின் அப்பா உள்ளே நுழைந்ததுமே வீட்டுக்குள் சத்தம் கூடிவிட்டது. இனி அவரைச் சம்பந்தி என்றே சொல்கிறேன். நல்ல உயரம், அரைக்கை சட்டை, கட்டாக்கில் பம்பு செட் கடை. கம்பெனி ஆட்களோடும் ஏஜெண்டுகளோடும் பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றவர். எழுதவே மாட்டாராம், வாட்ஸ்அப்பில்கூடக் கட்டை விரல் படமும் 'ஓகே ஜி'யும்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் திறந்த குழாய்தான்.

"ஆக்சுவலி வாட் ஹேப்பண்ட், ட்ரெயின் லேட், தென் வீ டுக் ஒன் ஆட்டோ, ஆட்டோ ஃபெல்லோ வெரி குட் ஃபெல்லோ, அண்ட் வாட் எ டெம்பிள், சார், மை காட், வாட் எ டெம்பிள்!"

அப்பா வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதலில் மனசுக்குள் ஒரு வாக்கியம் எழுதுவார். அதைத் திருத்துவார். பிறகுதான் வெளியே விடுவார். அதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். காலையில் ஓட்டலில் சாப்பிட்ட சாம்பாரைப் புகழ்ந்துகொண்டிருந்த சம்பந்தியிடம், "ஐ ட்ரஸ்ட் யுவர் ஜர்னி வாஸ் கம்ஃபர்டபிள்" என்றார்.

சம்பந்தி ஒரு கணம் திகைத்து, "யெஸ் யெஸ், சார், சாம்பார் வெரி கம்ஃபர்டபிள்" என்றார்.

அம்மா பாடு எளிதாக இருந்தது. அவளுக்கு கம், ஸிட், ஈட் தவிர அதிகம் தெரியாது. சம்பந்தியம்மாவுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இருவரும் ஒருவர் முந்தானையை ஒருவர் தொட்டுப் பார்த்து, "சில்க்?" "காட்டன்." "காட்டன் சில்க்?" என்று பேசியபடி மொட்டைமாடியில் காயும் வடகத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் அவர்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகக் கார் எடுத்துவரப் போயிருந்தார். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இரண்டு அப்பாக்களும், டீப்பாயின் மேல் ஓடிக்கொண்டிருந்த என் போனும்தான்.

அவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கார் திரும்பியதும் கேட்டேன்: "என்னப்பா சொன்னாரு?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "யோசிச்சுச் சொல்றாராம்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண் வீட்டார் யோசிச்சுச் சொல்றோம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லும் வார்த்தை அது.

"நல்லாத்தானங்க சாப்டாக? ரெண்டாந்தடவ ரசம் கேட்டு வாங்குனாகளே" என்றாள்.

"சாப்பாடு வேற, சம்பந்தம் வேற" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அங்கிருந்தும் போன் வரவில்லை, நாங்களும் பேசவில்லை. தம்பி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? அவங்க வீட்ல கேட்டா, பாப்போம் பாப்போம்னே சொல்றாங்களாம்" என்று புலம்பினான். எல்லோரும் சிரித்த மாதிரிதானே இருந்தது?

புராஜெக்ட் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியது. வேறு பதிவு என்னிடம் இல்லை. கல்யாணம் நின்றாலும் மதிப்பெண் நிற்கக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே வேடிக்கையாக இருந்தது. சம்பந்தியின் பேச்சில் புள்ளி வைக்கவே இடமில்லை; மூச்சு விடுவதுகூட வார்த்தைக்கு நடுவில்தான். புள்ளிகள் எல்லாம் அப்பாவின் வரிகளுக்கு முன்னால்தான் வந்தன. அவர் மனசுக்குள் டிராஃப்ட் எழுதும் நேரம்.

பிறகு அந்த இடம் வந்தது. நான் அடுப்படியில் இருந்த நேரம்.

"ஸோ, சார், வாட் யூ ஸே?" இது சம்பந்தி. "சில்ட்ரன் ஆல்ரெடி டிசைடட். மை வைஃப் இஸ் வெரி, மீன்ஸ், வெரி வெரி… வாட் யூ ஸே, சார்?"

புள்ளிகள். அப்பா செருமுகிறார். பிறகு கணீரென்று, "ஃப்ரம் அவர் சைட், தேர் இஸ் நோ அப்ஜெக்ஷன்."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃபேன் சுற்றுவது கேட்டது. ரோட்டில் ஒரு லாரி போனது. நான் தாளித்த கடுகு வெடிப்பதுகூடக் கேட்டது. அந்த மனிதர் பேசவில்லை. முதல்முறையாகப் புள்ளிகள் அவருடைய வரிக்கு முன்னால் வந்து விழுந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, "நோ அப்ஜெக்ஷன். ஓகே. ஓகே, ஓகே" என்றார். கொஞ்சம் கழித்து, "வீ வில் திங்க் அண்ட் டெல்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எட்டிப் பார்த்த எங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லாமல், இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

சமயநல்லூர் வீட்டில் அப்பா நியூஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன்.

"இது என் குரலா?" என்றார் முதலில். "கோர்ட்டு டவாலி கூப்புடுற மாதிரில்ல இருக்கு?"

"அத விடுங்கப்பா. நீங்க சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதுல என்ன தப்பு?"

"நோ அப்ஜெக்ஷன்னா, எனக்குப் பிடிக்கல, ஆனா தடுக்க மாட்டேன்ங்கிற மாதிரில்லப்பா அவருக்குக் கேட்டுருக்கும்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "என்ன பாப்பா சொல்ற? சர்வீஸ் பூரா அந்த ரெண்டு வார்த்தைக்காக ஜனங்க என் டேபிள் முன்னாடி காத்துக் கெடந்துருக்காங்க. அது கெடச்சா சாமி குடுத்த மாதிரி கண்ணுல ஒத்திட்டுப் போவாங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் குடுக்க?"

ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்து, எழுமலை வரைக்கும் தனியாகப் போய் அண்ணனிடம் பேசிச் சம்மதம் வாங்கி வந்த மனுஷன், தன்னிடம் இருந்ததிலேயே பெரிய வார்த்தையை எடுத்து அந்தக் கட்டாக்காரர் முன்னால் வைத்திருக்கிறார். அவரோ அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் பாசம் எங்கே என்று தேடியிருக்கிறார்.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை.

"அக்கா, நீ சொன்னது நெசம்தான். அவ அப்பா ஊருக்குப் போயி, மாப்பிள்ளையோட அப்பா வேணாங்கல, ஆனா மொகத்துல சிரிப்பே இல்ல, நம்ம பொண்ணு அங்க போயி என்ன பாடுபடுமோன்னு ஒரே கவலையாம்."

"யோசிச்சுச் சொல்றேன்னாரே, அது?"

"அது நெசமாவே யோசிக்கத்தானாம்! அவரு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். அவரும் சரின்னுட்டாராம். நம்ம வீட்ல இருந்து ஒரு போன்கூட வரலையேன்னு உக்காந்துருக்காராம்."

இரண்டு அப்பாக்களும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், நாட்டின் இரண்டு கோடியில், போனைப் பார்த்துக்கொண்டு.

"நானே பேசுறேன்" என்றார் அப்பா. உடனே பேப்பரும் பேனாவும் எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் கைண்ட் விசிட்…'

"அப்பா, பேசும்போது வித் ரெஃபரன்ஸ் எல்லாம் கெடையாது."

"அப்புறம் எதப் பத்திப் பேசுறோம்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"அவுக பொண்ணு கல்யாணத்தப் பத்தித்தானப்பா. வேற என்னத்தப் பத்தி நீங்க அவருக்குப் போன் பண்ணப் போறீங்க?"

அவர் யோசித்துப் பார்த்து, அந்த வரியை அடித்தார். நான் எம்.ஏ.வில் படித்த அந்தத் தாளின் பாதிப் பாடம் அந்த அடித்தலில் இருந்தது. கடைசியில் 'வீ ஆர் வெரி ஹேப்பி' என்பதற்கு அவரைக் கொண்டுவருவதற்குள் அம்மா இரண்டு தடவை டீ போட்டுவிட்டாள். "இப்பிடி மொட்டையாச் சொன்னா சின்னப்புள்ள பேசுற மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு, என் போனில் பதிவை ஓடவிட்டேன். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் சம்பந்தி.

"ஹலோ ஹலோ, சார்! ஹவ் ஆர் யூ, சார்? மேடம் குட்? ரெயின் இஸ் தேர்? ஹியர் டூ மச் ரெயின், சார், டூ மச்!"

மழையைப் பற்றிக் கேள்வி வரும் என்று நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அப்பா, "ரெயின்… ரெயின் இஸ் நாட்…" என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். மனப்பாடம் செய்ததும் போய்விட்டது. என்னைப் பார்த்தார். கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, தமிழில் பேச ஆரம்பித்தார்.

"சந்தோசம்ங்க. எங்களுக்கு ரொம்ப சந்தோசம். உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வாரதுல அம்புட்டு சந்தோசம்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து மெல்ல ஒரு கேள்வி வந்தது:

"ஸொந்தோஷ்? சார், யூ மீன், ஸொந்தோஷ்?"

"யெஸ்!" என்றார் அப்பா. "வெரி சந்தோசம்!"

"ஸொந்தோஷ்! ஹோ! ஸொந்தோஷ்!" சம்பந்தி போனிலிருந்து வாயை எடுத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்து ஒடியாவில் என்னவோ கத்தினார். யாரோ ஓடிவரும் சத்தம். அடுத்த நிமிஷம் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு குலவை. சம்பந்தியம்மாதான். ஒடிசாவிலும் நல்ல காரியத்துக்குக் குலவை போடுவார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மா டீ டம்ளரை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், போனுக்குப் பக்கத்தில் குனிந்து பதில் குலவை போட்டாள். எழுமலைக்காரி; சின்ன வயசிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் பழகிய தொண்டை. அங்கிருந்து இன்னொன்று வந்தது. இவள் விடவில்லை. அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டி, "என்னத்தே, யாரு வயசுக்கு வந்துட்டா?" என்று கேட்டாள்.

சம்பந்தியிடம் கேட்டு அந்தப் போன் பேச்சையும் கடைசியில் சேர்த்துப் புராஜெக்டை எழுதி முடித்து, எழுத்துப்பிழை பார்க்க அப்பாவிடம் கொடுத்தது என் புத்திகெட்ட வேலை. திரும்பி வந்தபோது சம்பந்தி பேசிய வரிகள் எல்லாம் பென்சிலால் திருத்தப்பட்டிருந்தன. 'ட்ரெயின் லேட்' என்றது, ரயில் கணிசமாகத் தாமதமாகிவிட்டது என்று நல்ல இலக்கணத்தில் இருந்தது.

"அப்பா, அவரு பேசுனத அப்பிடியே எழுதுறதுதான் இந்தப் பாடமே!"

"அது சரி பாப்பா. நாலு பேரு படிக்கிறது. நம்ம சம்பந்திய யாரும் கொறச்சு நெனச்சிரக் கூடாதுல்ல?"

நான் உட்கார்ந்து அப்பாவின் பென்சில் திருத்தங்களை எல்லாம் அழித்தேன். பேராசிரியை படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் மட்டும் கொஞ்சம் கறாராக, "முக்கியமான இடத்துல ரெண்டு பேரும் பேசுனது இங்கிலீஷே இல்லையேம்மா?" என்றார். அதற்கு முந்தைய பக்கங்கள் பூராவும் இங்கிலீஷ்தான் சார், அது இல்லாமல் அவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மதிப்பெண் நன்றாகவே போட்டிருந்தார்.

கல்யாணம் மதுரையில் நடந்தது. அதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. தங்கள் பக்கத்துக்கான இங்கிலீஷ் பத்திரிகையை அவர்தான் எழுதவேண்டும் என்று சம்பந்தி கேட்டுக்கொண்டார். அப்பா மூன்று நாள் எழுதினார். பத்திரிகை முழுவதும் ஒரே வாக்கியம். கட்டாக்கிலிருந்து குரல் செய்தி வந்தது: "சார், ஒன்லி ஒன் ஃபுல் ஸ்டாப்! ஹோல் கார்டு, ஒன் ஃபுல் ஸ்டாப்! வாட் எ இங்கிலீஷ், சார்!" அப்பா அதை எங்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அணைத்துவிட்டு, அம்மாவுக்காக இன்னொரு தடவை போட்டார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் எழுமலையில் பெரியப்பா வீட்டில் விருந்து. தோட்டத்தைப் பார்க்க எல்லோரும் போயிருந்தோம். கத்தரிச் செடிகள் வாடிக் கிடந்தன. "மோட்டாரு ரெண்டு நாளா தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்றார் பெரியப்பா. மோட்டார் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சம்பந்தி பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டார். அப்பாவும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குத்தவைத்தார்.

"கபாசிட்டர்?" என்றார் சம்பந்தி.

"நியூ" என்றார் அப்பா.

"ஃபுட் வால்வ்?"

"ஓல்டு. வெரி ஓல்டு."

"ஏர்?"

"மே பி ஏர்."

"ஸ்பானர்!"

"ஸ்பானர் கமிங்!"

நான் வாய் பிளந்து நின்றேன். முழு வாக்கியம் இல்லாமல் வாய் திறக்காத அப்பாவும், வாக்கியத்தை முடிக்கவே தெரியாத சம்பந்தியும் ஒற்றை ஒற்றை வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் அந்த மோட்டார் இருந்தது; மீதி வார்த்தைகளை அது பார்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற புதுப்பெண் நான் சொல்லிக்கொடுத்த தமிழில், "அக்கா, அப்பா சண்டையா?" என்று கவலையோடு கேட்டாள். "எந்த அப்பா?" என்று கேட்டேன். "ரெண்டு அப்பா" என்றாள்.

குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, நட்டை முறுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் உறுமி, செருமி, பிறகு ஒரேயடியாகத் தண்ணீரை வாரி அடித்தது. குழாய் வாய்க்கு நேரே இருந்த இருவரும் தலையோடு நனைந்துபோனார்கள். அப்பாவின் விருந்துச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. சம்பந்தி என்னவோ ஒடியாவில் சொன்னார், அப்பா என்னவோ தமிழில் சொன்னார், இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரப்பில் வழுக்காமல் ஏறி வந்தார்கள்.

பெரியப்பா என்னிடம் திரும்பி, "ஏத்தா, இங்கிலீசு படிச்சவளே, இவுக ரெண்டு பேரும் பேசுனது எந்த ஊரு இங்கிலீசு?" என்று கேட்டார்.

நான் மோட்டாரைக் கைகாட்டினேன். தண்ணீர் வாய்க்காலில் ஓடி முதல் பாத்திக்குள் திரும்பிவிட்டது. இலை போட்டாகிவிட்டது, சோறு ஆறுகிறது என்று அம்மா வீட்டுப் பக்கமிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.